தெருப்பக்கத் தாழ்ப்பாள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், பொடிசு, மாமா, அத்தை எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தலைகாட்டுகிறார். அவரும் சுகம் என்றுதான் கேள்வி. நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "அக்கா, சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்துப் போட்டாலும் மீதி உள்ளேதான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குளிர்கிடங்கை உங்கள் கம்பெனி வாங்கியதிலிருந்து இங்கே ஒரே பாதுகாப்பு மயம். மதிலை இரண்டு ஆள் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். மேலே முள்கம்பி, மூலைக்கு மூலை கேமரா. தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்த அபாயச் சங்கைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். போன வாரம் தெருப்பக்கக் கதவையும் மாற்றினார்கள். பழைய கதவில் நம் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்ததே, புதிதில் அது இல்லை. நம் பக்கம் வெறும் இரும்புத் தகடு. உள்ளே காவலுக்கு நிற்கிற மாமாவோ வேறொரு காவலாளியோ அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும்.

நீ வெளிநாட்டில் பெரிய அலுவலகத்துக்குப் போய்விட்டாய், மறந்திருப்பாய் என்பதால் சொல்கிறேன். நம் தெரு பள்ளத்தில் இருக்கிறது. இயந்திர அறை வாய்க்கால் முனையில் இருக்கிறது. மீனை உறையவைக்கிற அம்மோனியா கசிந்தால் அந்தக் குளிர்ந்த வாயு நேராக இறங்கி நம் தெருவில்தான் படுக்கும். வாய்க்கால் ஓரமாக ஓடினால் வாயுவின் வாய்க்குள்ளேயே போவது மாதிரி. அதனால்தான் சங்கு ஊதியதும் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, தெருப்பக்கக் கதவைத் திறந்து, கிடங்கின் முற்றத்தைக் கடந்து, மேட்டுச் சாலைக்கு ஏறுவோம். உனக்கு நாலு வயதில் மாமா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கதவு வழியாகத்தான் ஓடினார். நீ அவர் முதுகிலேயே வாந்தி எடுத்தாய். அதை இன்றுவரைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ உட்கார்ந்திருப்பது தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புத் துறையில். ஒரு வார்த்தை சொல். நம் பக்கம் ஒரு தாழ்ப்பாள், தொட்டி மேல் பழையபடி ஒரு சங்கு. வேறெதுவும் கேட்கவில்லை. சின்ன வயதில் மிட்டாய் டப்பாவுக்கே பூட்டுப் போட்டவன் நீ, தெருவே உன்னை 'பூட்டு' என்றுதான் கூப்பிட்டது. பூட்டுப் போடுகிறவனுக்குத் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், அங்கே குளிர் என்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ, பொடிசு, மாமா, அத்தை அனைவரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது. நாள் முழுவதும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் வருவது என்று மருத்துவர் சொல்கிறார்.

கதவு விஷயம் படித்தேன். நீ நினைப்பதுபோல் இது ஒருவர் சொல்லி நடப்பதில்லை. மீனை வாங்குகிற நாடுகளில் சட்டம் கடுமையாகிவிட்டது. கிடங்கிலிருந்து கப்பல்வரை சரக்கை யாரும் தொடவில்லை என்று நிரூபிக்க வேண்டும். தெருவிலிருந்து திறக்கக்கூடிய ஒரு கதவு இருந்தால் அந்தக் கிடங்கின் சரக்கையே வாங்கமாட்டார்கள். அப்படி நடந்தால் உன் வேலையும் போகும், மாமா வேலையும் போகும். அதையும் நீ யோசிக்க வேண்டும்.

சங்குக்குப் பதிலாகக் கைபேசிக்குச் செய்தி வரும் ஏற்பாடு செய்திருக்கிறோம். சங்கு ஊதினால் பீதி வரும். செய்தி அமைதியாக வரும்.

அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள். நான் அந்தத் தெருக்காரன் என்று அங்கே மேலாளரிடம் சொல்லிவிடாதே. சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்தை யாரும் கவனிக்கக் கூடாது என்பது இங்கே விதி. மாமாவிடமும் சொல்லிவை.

உனக்கு உள்ளே கம்பளி வைத்த கையுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். குளிர் அறையில் போட்டுக்கொள்.

உன் அன்புத் தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

கையுறை வந்தது. அளவாக இருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எல்லாரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை, எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

உன் அமைதியான செய்தி யாருக்கு வரும் என்று போய்க் கேட்டேன். சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். எனக்கு வரும். என் மகள் பொடிசுக்கு வராது. அவள் பள்ளிக்கூடம் மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. மூச்சுவிடுவதற்குக்கூட இனி வேலைக்குச் சேர வேண்டுமா? மீன் கழுவுகிற தண்ணீரை மாதாமாதம் எங்கிருந்தோ ஆள் வந்து சோதிக்கிறான். கழுவிய பிறகு அது நம் வாய்க்காலில் விழுகிறது, அதை ஒருத்தன் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கிற மீனுக்குக் கேமரா, காவல், காப்பீடு. மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு ஒரு சங்குகூடக் கிடையாது.

இதையாவது விடு. நேற்று இங்கே ஒரு ஒத்திகை நடந்தது, கேள். கிடங்கைக் கும்பல் தாக்கினால் காவலாளிகள் என்ன செய்ய வேண்டும் என்ற ஒத்திகை. கும்பலாக நடிக்க ஆள் வேண்டும் என்று பேக்கிங் பெண்கள் எங்களைத்தான் பிடித்தார்கள். ஆளுக்கொரு துணியைக் கொடுத்து, "முகத்துல கட்டிக்கிட்டு, கதவைப் பாத்து ஓடி வாங்க, கத்துங்க" என்றான் பயிற்சி கொடுக்க வந்தவன். நாங்களும் ஓடினோம். கதவுக்குப் பின்னால் மாமா. பயிற்சிக்காரன் காவலாளிகளிடம் சொன்னான்: "முகத்துல துணி கட்டிக்கிட்டுக் கூட்டமா ஓடி வந்தா அது தாக்குதல். அடையாளமே அந்தத் துணிதான். யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது."

மாமா கையைத் தூக்கினார். "சார், இந்தத் தெருவுல துணி கட்டிக்கிட்டு ஓடி வந்தா வாயு கசியுதுன்னு அர்த்தம்" என்றார். அவன் கையிலிருந்த தாளைக் காட்டி, "தலைமை அலுவலகத்துலருந்து இப்படித்தான் வந்திருக்கு. நான் மாத்த முடியாது" என்றான். மற்ற காவலாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாளை எழுதிய மகானுபாவன் யார் என்று விசாரித்துச் சொல். எந்த நாட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினானோ, அவனை ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம் தெருவில் குடிவைக்க வேண்டும்.

கூட்டத்தில் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னாயா? போனில் கேட்டபோது "சொன்னேன்" என்றாய். அதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமினாய். சின்னப் பிள்ளையிலிருந்து நீ பொய் சொல்வதற்கு முன் அப்படித்தான் செருமுவாய். அப்போது சிரித்தேன், இப்போது சிரிக்கிற மாதிரி இல்லை.

அக்கா

ஏப்ரல் 19

அன்பு அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். எனக்கு இங்கே பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. இப்போது பல நாடுகளில் உள்ள கிடங்குகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். பொறுப்பு அதிகம், தூக்கம் குறைவு. முழங்கால் பரவாயில்லை.

ஒத்திகை பற்றி எழுதியிருந்தாய். அந்தத் தாள் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக எழுதப்படுவது. பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். இன்னார் எழுதினார் என்று சொல்வது கடினம்.

பொடிசுக்குப் படம் வரைகிற பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அத்தைக்குக் கண் எப்படி இருக்கிறது?

உன் அன்புத் தம்பி

மே 30

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்ல இப்போது மனசில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. "இயந்திர அறையில் கசிவு. ஊழியர்கள் முதன்மை வாசல் வழியாக அமைதியாக வெளியேறவும்." அமைதியாகத்தான் போனோம். மேட்டுச் சாலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்த்தார்கள். ஒரு ஆள் குறையவில்லை, எல்லாரும் பத்திரம் என்று மேலாளர் போனில் யாருக்கோ சொன்னார். அந்த நேரம் கீழே என் பிள்ளை கோடை விடுமுறை வகுப்புக்காகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சங்கு இல்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் கீழே ஓடப் பார்த்தேன். இரண்டு காவலாளிகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் கையைக் கடித்துவிட்டேன். அதற்காக வருத்தப்படவில்லை.

தெருவுக்கு மூக்குதான் சொன்னது. கண் எரிந்த பிறகுதான் தெரிந்தது. டீச்சர் பிள்ளைகளின் துணிகளைத் தண்ணீர்க் குடத்தில் முக்கி ஆளுக்கொன்று கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தெருவே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மாமா. அவருடைய வயர்லெஸ்ஸில் உத்தரவு வருகிறது: "கேமராவில் தெரிகிறது. முகம் மறைத்த கும்பல் தெருப்பக்கக் கதவை நோக்கி வருகிறது. கதவைத் திறக்காதே." மூன்று தடவை வந்ததாம்.

மாமா வயர்லெஸ்ஸைக் கழற்றித் தரையில் வைத்தார். அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தார். அது தானாக மூடிக்கொள்கிற கதவு, அதனால் தான் உட்கார்கிற இரும்பு நாற்காலியை இடையில் செருகினார். கடைசி ஆள் வருகிறவரைக்கும் அங்கேயே நின்று ஒவ்வொருத்தராக உள்ளே இழுத்துவிட்டிருக்கிறார். பொடிசு வந்தாள். அத்தை வந்தாள். எல்லாரும் வந்த பிறகுதான் அவர் மேடேறினார். கண் இரண்டும் ரத்தக்கட்டியாகச் சிவந்திருந்தது.

எல்லாரும் என்று எழுதிவிட்டேன். இல்லை. வாய்க்கால் முனை இஸ்திரிக்காரர் வரவில்லை. ஒத்திகையன்று அவர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர். கதவைத் திறக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கதவுப் பக்கமே வராமல் வாய்க்கால் ஓரமாக ஓடியிருக்கிறார். சாயங்காலம் கண்டெடுத்தார்கள். உங்கள் கும்பல் ஒத்திகை அவர் ஒருத்தருக்குத்தான் ஒழுங்காக மனசில் பதிந்திருக்கிறது.

பொடிசுக்குக் குரல் கம்மிப்போயிருக்கிறது. மூச்சிரைக்கிறது. சரியாகிவிடும், நாளாகும் என்கிறார் டாக்டர். மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பாதுகாப்பை மீறினாராம். விசாரணை வைக்கப் போகிறார்கள். வாயுவைக் கசியவிட்டவனுக்கு இல்லையாம், கதவைத் திறந்தவருக்கு.

இந்தத் தடவை கூட்டத்தில் சொல்கிறேன், பார்க்கிறேன் என்று எழுதினாயோ, கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மாமாவுக்கு வேலை வேண்டும். தெருவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.

அக்கா

ஜூன் 17

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. பொடிசை நினைத்தால் மனம் பதறுகிறது. நல்ல மருத்துவரிடம் காட்டு. இஸ்திரிக்காரரைப் பற்றிப் படித்ததும் மிகவும் கஷ்டமாக இருந்தது. என் பள்ளிச் சட்டையெல்லாம் அவர்தான் தேய்ப்பார்.

விசாரணை நியாயமாக நடக்கும். ஒன்றை மட்டும் புரிந்துகொள். கசிவு உற்பத்தித் துறையைச் சேர்ந்தது, கதவு பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு. கதவைப் பற்றி விசாரிக்கும்போது வாயுவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

அதனால் மாமாவிடம் சொல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அட்டை இயந்திரம் கோளாறாகிக் கதவு தானாகத் திறந்துகொண்டது என்று சொன்னால் போதும். அதை மறுக்க இங்கே ஒருவரும் மெனக்கெடமாட்டார்கள். வேலை தப்பும். தயவுசெய்து அவரைச் சம்மதிக்க வை.

உன் அன்புத் தம்பி

ஜூலை 22

தம்பிக்கு,

சுகம் விசாரித்து எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வேண்டுமென்றேதான் விட்டேன். ஒருத்தரும் சுகமில்லை.

நீ சொன்னதை மாமாவிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூசியது. அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போக. தலையைத் தூக்காமல் கேட்டார்: "கதவு தானா திறந்துச்சுன்னா, அடுத்த தடவை தானா திறக்காம இருக்க அவங்க என்ன செய்வாங்க?" இன்னும் இரண்டு பூட்டுப் போடுவார்கள் மாமா என்றேன். "அப்ப சொல்லக்கூடாதுல்ல" என்றார்.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. பெரிய திரை வைத்திருந்தார்களாம். அதில் முகம் கிடையாது, கறுப்பாக இருந்ததாம். குரல் மட்டும் வந்தது, உங்கள் ஊர் மொழியில். மேலாளர் மொழிபெயர்த்தார். உத்தரவு காதில் விழுந்ததா? விழுந்தது. கதவைத் திறந்தது யார்? நான்தான், இந்தக் கையால்தான். இது மீறல் என்று தெரியுமா? இதற்கு மாமா, "எங்க தெருக்காரங்களை உள்ள விட்டேன், அது தெரியும்" என்றாராம். அவ்வளவுதான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் வேலை போய்விட்டது. சீருடையையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள். கதவில் செருகிய நாற்காலி நசுங்கிப்போயிருந்தது, அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தவர் எங்களோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறார். வேலை போனதற்கு மனுஷன் இவ்வளவு இடிந்துபோவாரா என்று எனக்குப் புரியவில்லை. இதைவிடப் பெரிய அடியெல்லாம் வாங்கிச் சிரித்தவர்.

அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடி. முகத்தைக் காட்டத் துப்பில்லாதவன், ஒரு ஊரையே காப்பாற்றியவரைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வேலையைவிட்டுத் தூக்கியிருக்கிறான். ஆம்பளையாக இருந்தால் என் முன்னால் வந்து கேட்கட்டும் அந்த மூன்று கேள்வியையும்.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

நலம். செய்தி அறிந்து வருந்தினேன். அது மேலிடத்து முடிவு. விசாரித்தவர் பெயர் வெளியே சொல்லப்படுவதில்லை. எனக்கும் தெரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். பொடிசுக்குக் குரல் வந்துவிட்டதா?

தம்பி

செப்டம்பர் 9

டேய்,

அத்தை சொல்லிவிட்டாள்.

விசாரணை நடந்த நாளிலிருந்து மாமா அவளிடம் சத்தியம் வாங்கி வாயைக் கட்டிவைத்திருந்தார். நேற்று உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். "மாமாவுக்கு என் வணக்கம்" என்று படித்ததும் அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "அவனுக்குத் தெரியாதா? அவன்தான்டீ அது" என்றாள். முதல் கேள்விக்கு முன்னால் இரண்டு தடவை செருமல் கேட்டதாம். அந்தச் செருமலிலேயே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. தோளில் தூக்கி வளர்த்தவருக்கு உன் தொண்டை தெரியாதா? திரையைக் கறுப்பாக்கத் தெரிந்த உனக்கு அதை மறைக்கத் தெரியவில்லை.

தெரிந்தும் அவர் அங்கே உன் பெயரைச் சொல்லவில்லை. "சொன்னா பையன் வேலை போயிடும். அவன் அக்காகிட்டயும் சொல்லிடாத, அவ கோவக்காரி, எதாவது செஞ்சிடுவா" என்றாராம். அந்த மனுஷன் சாப்பிடாமல் கிடந்தது வேலை போனதற்கு இல்லை. நான்தான் மடச்சி, புரியவில்லை.

ராத்திரி முழுக்க யோசித்தேன். இன்னொன்றும் புரிந்தது. முகத்தில் துணி கட்டியிருந்தால் கும்பல் என்று அந்தத் தாளில் இருந்ததே. எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதியது என்றாய். கூட்டமாக வந்து கதவைத் தட்டுகிற ஜனங்கள் துணி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று தூர தேசத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? தெருப்பக்கக் கதவுக்குத்தான் வருவார்கள், வேறு வாசலுக்குப் போகமாட்டார்கள் என்று எவனுக்குத் தெரியும்? இந்தத் தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். இந்த ஊர் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். நீ கெட்டிக்காரத்தனமாகச் சொல்லியிருப்பாய். நம்மைப் பிழைக்கவைத்த ஈரத்துணியை நீதானே அவர்களுக்கு அடையாளமாக எடுத்துக் கொடுத்தாய்?

நீ காவல் காப்பது எதை என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா? மீனை ஒரு நாட்டில் பிடித்து, இங்கே உறையவைத்து, இன்னொரு நாட்டில் தின்கிறார்கள். அது எங்கும் பத்திரமாகப் போய்ச்சேர்கிறது. வழியில் இருக்கிற மனுஷர்கள்தான் உங்களுக்கு ஆபத்து. இஸ்திரிக்காரரும் ஆபத்து. பொடிசும் ஆபத்து. ஏழு வயது ஆபத்து, இன்னும் குரல் திரும்பாத ஆபத்து.

உன் கையுறையை இத்துடன் அனுப்புகிறேன். குளிர் என் கையைத் தின்றாலும் பரவாயில்லை.

நவம்பர் 3

அக்காவுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்தேன். நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை.

போன மாதக் கூட்டத்தில் நான் எந்தத் தெருக்காரன் என்று சொன்னேன். காவலாளி எனக்கு யார் என்றும் சொன்னேன். பிறகு ஒருவர் மிகவும் மரியாதையாக, இதை நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். டிசம்பர் கடைசியோடு எனக்கு இங்கே வேலை இல்லை. விசாரித்தவரே உறவுக்காரர் என்பதால் மாமாவின் விசாரணையைச் செல்லாது என்று அறிவித்து, மறுபடி நடத்தப்போகிறார்கள். விதியால்தான் இது நடந்தது, இரக்கத்தால் இல்லை. உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை. முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

தாழ்ப்பாளுக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கைத் திரும்ப மாட்ட மட்டும் சம்மதித்திருக்கிறார்கள். அதுவும் காப்பீட்டுக் கம்பெனி கேட்டதால்.

ஜனவரியில் ஊருக்கு வரலாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வரலாமா?

தம்பி

நவம்பர் 28

தம்பிக்கு,

பொடிசுக்குப் பாதிக் குரல் வந்துவிட்டது. பாட்டு வகுப்பில் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறாளாம். அத்தைக்குக் கண் பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மாமா கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்கிறார்.

சங்கை மாட்டிவிட்டார்கள். நேற்று ஒரு தடவை ஊதிப் பார்த்தார்கள். பொடிசு ஓடிப்போய்த் துணியை நனைத்துவிட்டாள். சோதனைதான் என்று சொல்லியும் அரை மணி நேரம் கழற்றவில்லை.

கதவு அப்படியே இருக்கிறது. தாழ்ப்பாள் தரமாட்டோம் என்றார்கள் இல்லையா, நாங்கள் கேட்பதையும் விட்டுவிட்டோம். இஸ்திரிக்காரர் பெண்டாட்டி அவருடைய பழைய இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவுக்கு நேராக நிறுத்திவிட்டாள். இரும்பு வண்டி, நல்ல கனம். அடுத்த தடவை அவர்கள் திறக்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளி முட்டினால் போதும், எந்தக் கதவும் வழிவிடும். அங்கிருந்து எடுக்கச் சொல்லி மேலாளர் வந்தார். அவள் துணி தேய்த்துக்கொண்டே, "இது எங்க பாதுகாப்பு ஏற்பாடு சார்" என்றாள். கேமராவில் தெரிந்திருக்கும். பார்த்தாயா?

மாமா அந்த நசுங்கிய நாற்காலியைத் தட்டி நிமிர்த்தி, வண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தினமும் உட்காருகிறார். கதவுக்கு வெளியே, தெருப்பக்கம். சீருடை இல்லை, சம்பளம் இல்லை. வேலைக்குத் திரும்ப எடுத்தால் போவீர்களா என்று கேட்டேன். "போவேன். திறக்கறதுக்கு உள்ள ஒரு ஆள் வேணும்ல" என்கிறார். எனக்கு அவர் மேலும் கோபம்தான்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ வேலையை இழந்ததற்காக நான் ஆரத்தழுவிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. போன உயிர் திரும்பாது. முதலில் வாய்க்கால் முனைக்கு, இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போ. அந்த அம்மா முன்னால் நின்று, கறுப்புத் திரை இல்லாமல், முகத்தைக் காட்டு. அவள் என்ன சொன்னாலும் கேள். செருமாதே.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டு. நான் திறக்கமாட்டேன். உள்ளேயே உட்கார்ந்திருப்பேன், நீ தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. மாமா எழுந்து வந்து திறந்துவிடுவார். உனக்கும் திறப்பார். அதுதான் என் ஆத்திரமே.

அக்கா